ஏழாம் லைன்காரர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்துக்குக் கீழே ரயில் ஓடுவதில்லை. ஓடவும் முடியாது. கக்கூசுக் குழியைக் கொஞ்சம் ஆழமாக வெட்டினாலே சுண்ணாம்புக் கல்லும் அதற்கடியில் தண்ணீரும் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் தன் கிணறு கெட்டுப்போகிறது என்று பிரதேச சபைக்குப் போய்விடுவார். ஆனால் நிலத்துக்குக் கீழே ஓடும் ரயிலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர்கள் எங்கள் ஊர்களில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருக்கிறார்கள். இந்த இனத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். விஞ்ஞானிகள் இன்னும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. நான் மெத்ரோக்காரர் என்று வைத்திருக்கிறேன்.

நீங்கள் அவரைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். லண்டனில் இருந்து வந்தவர் அந்த ரயிலை ரியூப் என்பார், கனடாக்காரர் சப்வே என்பார், பாரிஸ்காரர் மெத்ரோ என்பார். வியாதி மூன்று பேருக்கும் ஒன்றுதான். நல்லூர்த் திருவிழாவுக்கும் நத்தார்ப் பண்டிகைக்கும் கூட்டமாக வந்து போகிறவர்கள் உண்டு. பென்சனோடு வந்து நிரந்தரமாகத் தங்கிவிடுகிறவர்களும் உண்டு. முந்தியவர்களைச் சகித்துக்கொள்ளலாம், அவர்களுக்குத் திரும்பிப் போகிற ரிக்கற் என்று ஒன்று இருக்கிறது.

அடையாளம் சொல்கிறேன். சாவகச்சேரி மினிபஸ் வந்து நிற்கும்போது, இறங்குகிறவர்களுக்கு இடம்விட்டு வாசலுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு நாகரிகப் புன்னகையோடு ஒருவர் நிற்பார், அந்த இடைவெளியில் மரக்கறிக் கூடையும் புத்தகப் பையும் கோழிச் சாக்குமாகச் சனம் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறும், கொண்டக்டர் "றைற்" என்பார், பஸ் போய்விடும். அவர் அங்கேயே நிற்பார். "பறவாயில்லை, அடுத்தது ரெண்டு நிமிசத்திலை வரும்" என்று பக்கத்தில் நிற்பவருக்கு ஆறுதலும் சொல்வார். வருமா? ரவுணில் உள்ள கடைத்தொகுதியின் நகரும் படியில் வலது பக்கமாக ஒட்டி நின்றுகொண்டு, முதன்முதலாக அதில் ஏறிய பயத்தில் கைகோத்து நிற்கும் கரவெட்டிக் குடும்பத்தை, இடது பக்கத்தை மறித்த குற்றத்துக்காக முறைத்துப் பார்ப்பவரும் இவரே.

பாரிஸ்காரருக்கு மேலதிகமாக ஒரு குணமும் உண்டு. அங்கே சில மெத்ரோ வண்டிகளில் ஒவ்வொரு ஸ்ரேசனின் பெயரையும் ஒரு குரல் இரண்டு தரம் சொல்லும். முதல் தரம் கேள்வி கேட்பதுபோல ஏற்றி, இரண்டாம் தரம் பதில் சொல்வதுபோல இறக்கி. ஊருக்கு வந்த பிறகும் அது இவரை விடாது. "கொக்குவில்? கொக்குவில்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். பக்கத்துச் சீற்றில் இருந்த நல்ல மனிதர், தன்னிடம்தான் வழி கேட்கிறார் என்று நினைத்து, "ஓம், இதுதான், இறங்குங்கோ இறங்குங்கோ" என்று மணியை அடித்து, இன்னும் தூரம் போகவேண்டியவரை நடுவழியில் இறக்கிவிட்டதும் நடந்திருக்கிறது.

என் ஆராய்ச்சிக்கு அகப்பட்டவர்களில் முதல்தரமானவர் குருநகர் கிறகோரி அண்ணை. சண்டைக் காலத்தில் இளந்தாரியாகப் பாரிஸ் போய், இருபது வருடங்களுக்கு மேல் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, கடைசியில் சமையற்காரராகி, உழைத்ததைக் கொண்டுவந்து எங்கள் ஒழுங்கையில் மாபிள் பதித்த வீடு கட்டிக் குடியிருப்பவர். அறை லா கூர்நெவ்வில், வேலை ஒப்பெராவில். இரண்டும் ஏழாம் லைனில் இருக்கின்றன. ஆகவே உலகமும் ஏழாம் லைனில் இருந்தது.

கலியாண வீடா, செத்த வீடா, சீமெந்துக் கடையா என்று பார்க்கமாட்டார். பிரேதப் பெட்டிக்குப் பக்கத்திலும் உட்கார்ந்து, அழுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் தொடங்குவார். "ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்திலை எங்கடை லைன் திறந்தது. அந்த வருசம் தையிலை ஆறு பெருகி மெத்ரோவுக்குள்ளை எல்லாம் வெள்ளம். கார்த்திகையிலை லைனைத் திறந்திட்டாங்கள். அதுதான் வெள்ளைக்காரன்." ஸ்ராலின்கிராட் ஸ்ரேசனுக்கு முன்பு வேறு பெயர் இருந்தது, உலக யுத்தம் முடிந்த பிறகுதான் இந்தப் பெயர் வந்தது என்பார். யுத்தத்தின்போது மூடிய ஸ்ரேசன்கள் சிலவற்றை இன்றுவரை திறக்கவில்லை, ரயில் மட்டும் அந்த இருட்டுக்குள்ளால் போகும் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். யாருக்குச் சொல்கிறார்? இருபது வருடங்களுக்கு மேல் ரயிலே வராத, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குக் கூரையாகப் போன, ஸ்ரேசனுக்குள் ஆடு படுத்திருந்த ஊர்ச் சனத்துக்கு. நாங்களும் "அப்பிடியோ அண்ணை" என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம்.

பக்கத்து வீட்டு மரியநாயகி மட்டும் வாயைப் பிளப்பதில்லை. அவர் விடியற்காலையில் கரைக்குப் போய் மீன் எடுத்துச் சந்தையில் விற்பவர், நேரமில்லாதவர். ஒருநாள் அவரையும் மறித்தார் கிறகோரி அண்ணை.

"மரியநாயகி, உங்களுக்கெண்டே அங்கை ஒரு ஸ்ரேசன் இருக்கு. புவசோனியேர். மீன்காரி எண்டு அர்த்தம்."

"அப்ப அங்கை என்ன மீன் படும் அண்ணை?"

"மீன் ஒண்டும் இல்லை. பேர் மட்டுந்தான்."

"கொஞ்சம் கூனி இறாலாவது?"

"ஸ்ரேசன், மரியநாயகி. ரயில் நிக்கிற ஸ்ரேசன்."

"பிறகேன் உந்தப் பேரை வைச்சுச் சனத்தை ஏமாத்துறாங்கள்?" என்று கேட்டுவிட்டு அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சிரிக்கிறதற்கு இவ்வளவும் போதும். ஆனால் மரியநாயகியின் மகள் லவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய கணவன் டினேஸ் போன வருடம் பாரிஸிலிருந்து வந்து, கோயிலில் தாலி கட்டி, மூன்று கிழமையில் திரும்பிப் போனவன். அவனுக்கும் அறை லா கூர்நெவ்வில், அவனுக்கும் வேலை ஒப்பெராவில் ஒரு ரெஸ்ரோறன்ரின் குசினியில். இப்போது லவீனாவுக்கு விசா வந்துவிட்டது. பிள்ளைகள் "ரீச்சர் ரீச்சர்" என்று சீலையைப் பிடித்து இழுக்கும் முன்பள்ளி வேலையை விட்டுவிட்டுப் போகவேண்டும். போகிற இடத்தில் தனக்கு ஒரு வாழ்க்கை இருக்குமா, அல்லது ஓர் அறை மட்டும்தானா என்பது அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. வேலையை விடுகிற கடிதத்தை அவள் இன்னும் கொடுக்கவில்லை.

ஒரு பின்னேரம் மரியநாயகி வீட்டில் செபமாலை முடிந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். நானும் கிறகோரி அண்ணையும் தேத்தண்ணிக்காக முற்றத்தில் இருந்தோம். மரியநாயகி சந்தைக் களைப்பில், கையில் செபமாலையோடு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். லவீனா கேட்டாள்.

"மாமா, அந்த இடம் எப்பிடி எண்டு சொல்லுங்கோ. டினேஸைக் கேட்டால் ஸ்ரேசன் பேரைத்தான் சொல்லுறார்."

பாவம், கிறகோரி அண்ணை. ஊரெல்லாம் தேடித்தேடிச் சொன்னவரிடம் ஒருவர் தானாக வந்து கேட்பது இதுதான் முதல் தரம். நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். "லா கூர்நெவ்? லா கூர்நெவ்" என்று தொடங்கி, ஏழாம் லைனை ஒரு ஸ்ரேசன் பிசகாமல் ஓட்டி முடித்து, உற்சாகத்தில் மற்ற லைன்களுக்கும் தாவினார். பாரிஸ்காரர்கள் பக்திமான்கள், பாதி ஸ்ரேசனுக்குப் புனிதர்களின் பெயர்.

"சென் மிசேல்? சென் மிசேல்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார் மரியநாயகி, கண் திறக்காமல், செபத்தில் புனிதர் பெயர் கேட்டதும் மறுமொழி சொல்லும் பழக்கத்தில்.

"சென் லசார்? சென் லசார்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"சென் போல்? சென் போல்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அண்ணைக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் நிலத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தார். புனிதர்கள் முடிந்த பிறகும் மரியநாயகி நிறுத்தவில்லை. கார் து நோர், கார் து லெஸ்ற் என்ற இரண்டு ரயில் நிலையங்களையும் அன்று எங்களுக்காக வேண்டச் சொல்லிக் கேட்டுவிட்டார். எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. லவீனா பொறுமையாக இருந்து, ரயில் நின்ற பிறகு கேட்டாள்.

"மாமா, ஒப்பெராவிலை இறங்கி மேலை வந்தால் என்ன தெரியும்?"

"மேலை வந்தால்... வலக்கைப் பக்கம் ஒரு ஒழுங்கை. அதுக்குள்ளை ஒரு கதவு. திறந்தால் படி. இறங்கினால் குசினி."

"குசினியும் நிலத்துக்குக் கீழையோ?"

"ஓம். மேலை ஆக்கள் இருந்து சாப்பிடுவினம்."

"ஒப்பெரா எண்டால் என்ன மாமா?"

"பெரிய ஸ்ரேசன் பிள்ளை. மூண்டாம் லைன், ஏழாம் லைன், எட்டாம் லைன், மூண்டும் சந்திக்கிறது."

"ஸ்ரேசன் சரி. அந்தப் பேர் எதின்ரை பேர்?"

கிறகோரி அண்ணை என்னைப் பார்த்தார். லைன் திறந்த மாதம் தெரிந்த மனிதர். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

"லீவு நாளிலை எங்கை போவியள்?"

"நித்திரை."

"இவ்வளவு வருசமும்?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "மாரியிலை விடிய முதல் இறங்குவன், ஏறி வரேக்கை இருட்டு. கோடையிலை வெளிச்சம் இருக்கும்தான். கீழை இருந்து வந்த கண்ணுக்குக் கூசும். நான் குனிஞ்சுகொண்டு நடந்திடுவன் பிள்ளை."

கேலி எழுத வந்தவனுக்கு இது வசதியான இடமில்லை. எனக்கு மனம் கனத்துவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதன் ஒரு நகரத்தில் வாலிபம் முழுவதையும் செலவழித்து, அதன் அடிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அந்த அடிப்பக்கத்தைத்தான் எங்களுக்கு இவ்வளவு காலமும் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

லவீனா போனை எடுத்தாள். அங்கே மத்தியானச் சமையல் முடிந்து ஓய்வு நேரம். டினேஸ் ஏதோ ஒரு ஒழுங்கையில் குந்தியிருப்பது திரையில் தெரிந்தது. எங்களை வைத்துக்கொண்டே கதைத்தாள்.

"நான் வாறன். ஆனால் வந்த அடுத்த நாள் நீங்கள் லீவு எடுக்கோணும். மெத்ரோவிலை கூட்டிக்கொண்டு போகக்கூடாது. பஸ்ஸிலை போவம், இல்லாட்டி நடப்பம்."

"பஸ் எது எங்கை போறதெண்டு எனக்குத் தெரியாதே லவீனா."

"ஆரையும் கேளுங்கோ."

"மெத்ரோ எண்டால் சுகம். ஸ்ராலின்கிராட்டிலை ஒருக்கா மாறினால்..."

"லீவு கிடைச்சால் சொல்லுங்கோ. பிறகுதான் நான் முன்பள்ளியிலை கடிதம் குடுப்பன்."

போனை வைத்துவிட்டாள். மரியநாயகிக்கு நித்திரை முறிந்துவிட்டது. விசா வந்த பெட்டை ஒருநாள் லீவுக்காகக் கலியாணத்தையே தொங்கவிடுகிறாளே என்று அவர் தலையில் கை வைத்தார். அடுத்த நாள் யாகப்பர் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார். கிறகோரி அண்ணையோ வேலிக்கு மேலால் எட்டி எட்டி, "பெடியன் போனிலை எடுத்தவனோ?" என்று கேட்டபடி இருந்தார். "எங்கடை முதலாளிமார் லேசிலை லீவு..." என்று தொடங்கும்போது, தான் ஒருநாளும் கேட்டதில்லை என்பதும் அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும், பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்தக் கிழமை முடிய முதல் டினேஸ் போனில் எடுத்தான். ஒரு நாள் கிடைத்திருக்கிறதாம். பஸ் விபரமும் ஆரையோ விசாரித்துவிட்டானாம். லவீனா கடிதம் கொடுத்தாள், பெட்டி கட்டினாள், போனாள்.

போய்ச் சில நாட்களில் தாயின் போனுக்கு ஒரு படம் வந்தது. மரியநாயகி மீன் மணக்கும் கையோடு அதைக் கொண்டுவந்து கிறகோரி அண்ணையிடம் நீட்டினார். பெரியதொரு மாளிகை, தூண்கள், பச்சைக் கூரை, உச்சியில் பொன்னிறச் சிலைகள். எல்லாவற்றின் மேலும் நல்ல வெயில். முன்னால் லவீனா சிரித்துக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் டினேஸ் கண்கூசி நெற்றியில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்ல கட்டடம்" என்றார். "இது பாரிஸிலை எங்கை?"

படத்துக்குக் கீழே லவீனா எழுதியிருந்ததை நான்தான் வாசித்தேன். 'அம்மா, கிறகோரி மாமாட்டைக் காட்டுங்கோ. பாட்டுக்கூத்து நடக்கிற மண்டபமாம். ஒப்பெராவுக்கு மேலை இதுதான் இருக்கு.'

திரை இருண்டது. அண்ணை விரலால் தட்டி வெளிச்சமாக்கினார். திரும்ப இருண்டது, திரும்பத் தட்டினார். மரியநாயகி போனைத் திருப்பிக் கேட்காமல் பக்கத்திலேயே நின்றார்.

இனி உங்களிடம் வருகிறேன். கிறகோரி அண்ணையைப் பார்த்துச் சிரித்தீர்கள்தானே? சரி. யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்து நாள்தோறும் வேலைக்குப் போகிறீர்கள்; போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் பெருப்பித்தது என்று வாயைத் திறந்தால் ஒப்புவிப்பீர்கள். அதன் மதிலில் ஏறிக் கடலைப் பார்த்தது எப்போது? வெளிநாட்டு விருந்தாளி வந்தபோது அவரை வாசலில் இறக்கிவிட்டு, நீங்கள் மோட்டார் சைக்கிளில் இருந்து போன் பார்த்தீர்களே, அது கணக்கில் வராது. உங்கள் பிள்ளை ஒரு கட்டடத்தைக் காட்டி, "அப்பா, உதுக்குள்ளை என்ன இருக்கு?" என்று கேட்டால், அங்கே எந்த றோட்டால் போவது சுகம், எந்த நேரம் நெரிசல் என்றுதானே தொடங்குவீர்கள்? பயப்படாதீர்கள், நான் வெளியே சொல்லமாட்டேன். நீங்கள் எந்த லைன் என்று மட்டும் காதோடு சொல்லிவிட்டுப் போங்கள்.