நான் பார்த்தால் போகும் நெட்வொர்க்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் தேடி, குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தது நான்தான். அந்தக் குற்றவாளியும் நானாகவே இருந்துவிட்டது தனி விஷயம். எங்கள் வீட்டில் பின்பாதியை மட்டும் சொல்லிச் சிரிக்கிறார்கள். முன்பாதிக்கு வக்கீல் இல்லாததால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். தாராவியில் எங்கள் சந்தில் தோல் பை தைப்பவர்கள் உண்டு, இட்லி விற்பவர்கள் உண்டு, டெம்போ ஓட்டுபவர்கள் உண்டு. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போன முதல் ஆள் நான். (வீட்டுக்கு வந்த பிறகும் அந்த அட்டையைக் கழற்றமாட்டேன் என்பது உண்மை. அதோடு தூங்கினேன் என்று தம்பி சொல்வது பொய்.) வீட்டில் வைத்த பெயர் இசக்கியம்மாள். ஆபீஸில் இஷா.

மற்ற நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. என்னைச் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் உட்கார வைத்திருந்தார்கள். அங்கே பின்னறையில் ஒரு பெரிய சர்வர், அதற்குள் நாலைந்து விர்ச்சுவல் மெஷின்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எங்கள் பக்கம் ஒரே அறையில் மேலே பலகை அடித்து மாளா என்கிற பரண் கட்டி, கீழே திரை தொங்கவிட்டு மூன்று குடும்பம் இருப்பதில்லையா, அதே ஏற்பாடுதான். வெளியே பார்த்தால் ஒரே இரும்புப் பெட்டி. உள்ளே ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தான் தனி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். அதில் ஒன்று நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்வது.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் பதிவு மெஷினுக்கு நெட்வொர்க் போனது. இரண்டு நிமிஷத்தில் வந்தது. மறுபடி போனது. முன்னறையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் நிரம்பியிருந்தார்கள். டீ குடிக்காத மும்பைக்காரர்கள் அத்தனை பேரை ஒரே அறையில் பூட்டிவைப்பது சட்டப்படி குற்றமாக இருக்க வேண்டும். அவர்கள் போட்ட சத்தத்தில் பின்னறைக் கதவு அதிர்ந்தது.

ஓடுகிற மெஷினில் கை வைக்கக் கூடாது, நகல் எடுத்து அதில்தான் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். நான் பாடத்தை மீறாதவள். பழகுவதற்கென்று வெள்ளிக்கிழமையே பதிவு மெஷினை அப்படியே நகல் எடுத்து வைத்திருந்தேன். திங்கள் காலை அதைத்தான் ஓடவிட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். சத்தம் கிளம்பியதும் பொறுப்பாக அந்த நகலிலேயே குடைய ஆரம்பித்தேன். என்ன ஆச்சரியம், நகலுக்கும் நெட்வொர்க் விட்டு விட்டு வந்தது. இரண்டுக்கும் ஒரே நோய் என்றால் இரண்டுக்கும் பொதுவான ஏதோதான் கெட்டிருக்கிறது. பொதுவானது எது? வயர். (இப்போதும் சொல்கிறேன், தர்க்கத்தில் ஓட்டை கிடையாது.)

வயர் போட்டவர் காதர் பாய். தென்காசிப் பக்கத்துக்காரர், தாராவியில் எங்களுக்கு நாலு சந்து தள்ளி வீடு. அந்த லேபின் எல்லாக் கிளைகளுக்கும் அவர்தான் கேபிள் வேலை. கூப்பிட்டதும் ஏணியோடு வந்தார்.

“பிள்ள, வயர்ல ஒரு குத்தமும் இல்ல. டெஸ்டர் வச்சு ரெண்டு மட்டம் பாத்துட்டேன்.”

“அப்ப எங்க போவுது பாய்?”

“அது ஒனக்குல்லா தெரியணும். அட்டை மாட்டியிருக்கது நீதான?”

இந்த ஒரு கேள்விக்காகவே அவரை மன்னிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை மொத்த வயரையும் மாற்றச் சொன்னேன். அவர் கூரைப் பலகையைக் கழற்றி, தலையெல்லாம் தூசியோடு புது வயர் இழுத்தார். அன்றும் நெட்வொர்க் விழுந்தது. கேபிள் வேலை தரமில்லை, ஆளை மாற்ற வேண்டும் என்று என் மேனேஜர் சாவந்த் சாருக்கு நீளமான மெயில் போட்டேன். ஒன்பது பேருக்குப் பிரதி. அகராதியைப் பார்த்து கடினமான ஆங்கிலச் சொற்களாகப் பொறுக்கிப் போட்டிருந்தேன். புதன்கிழமை நாலு மணி மீட்டிங்கில் காதர் பாயை எல்லாக் கிளையிலிருந்தும் நிறுத்துவது பற்றி முடிவெடுக்கலாம் என்று பதில் வந்தது.

புதன் காலை எனக்குத் துணையாக ராகவனை அனுப்பினார்கள். என்னோடு வேலை பார்ப்பவன், மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவன் வந்து உட்காரும்போது காதர் பாய் ஏணியிலிருந்து இறங்கி என் பின்னால் வந்து நின்றார்.

“பிள்ள, தப்பா நெனைக்காத. மூணு நாளா மேல இருந்து பாக்கேன். நீ திரையில அந்த ரெண்டாவது பொட்டியத் தொறந்தாத்தான் வெளிய சத்தம் கேக்கு. மூடுனா அடங்கிருது.”

“பாய், இது வேற, அது வேற. இது வெறும் நகல்” என்று சீறினேன்.

அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்கவே நகலை ஓடவிட்டேன். முன்னறையில் சத்தம். நிறுத்தினேன். அமைதி. மறுபடி ஓடவிட்டேன். சத்தம். மூன்றாவது முறை ஏன் ஓடவிட்டேன் என்று கேட்காதீர்கள், அது வெறும் வீம்பு. அந்த முறை முன்னறையில் ஒருவர் நாற்காலியைத் தூக்கிவிட்டதாகக் கேள்வி.

காதர் பாய் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் நகலின் நெட்வொர்க் விவரத்தைத் திறந்து பார்த்தேன். மெஷினை நகல் எடுத்தபோது அதன் முகவரியும் சேர்ந்தே நகலாகியிருந்தது. ஒரே முகவரியில் இரண்டு மெஷின். முன்னறையிலிருந்து வந்த பதிவுகள் ஒரு நிமிஷம் அசல் மெஷினுக்கும் அடுத்த நிமிஷம் என் நகலுக்குமாகப் போய் முட்டிக்கொண்டு நின்றன. பழுதைக் கண்டுபிடிக்க நான் உட்கார்ந்தபோதெல்லாம் பழுது வந்தது. நான் எழுந்து போய் அறிக்கை கொடுத்தபோதெல்லாம் சரியானது.

ராகவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“பேசாம இதை டெலீட் பண்ணிடு இஷா. தானா சரியாப் போயிடுத்துன்னு சொல்லிக்கலாம்.”

“காதர் பாய்?”

“அவர் சொன்னா யார் நம்பப் போறா? ஒனக்கு ஒரு மாசம்தான் பாக்கி. யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். பத்து நிமிஷம் விரலை அந்தப் பொத்தான் மேலேயே வைத்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அட்டை போய்விட்டால் சந்துக்குள் எப்படி நடப்பது என்றுகூட யோசித்தேன். ஆனால் பயம் முற்றினால் எனக்குக் கோபமாக மாறிவிடும். என் தப்புக்கு ஒரு மனிதர் மூன்று நாள் தூசியைத் தின்றிருக்கிறார், அவர் பிழைப்பையும் நான் தின்ன வேண்டுமா? எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

நாலு மணிக்கு மீட்டிங். சாவந்த் சார் என் மெயிலை அச்செடுத்து வைத்திருந்தார். காதர் பாய் சுவரோரம் நின்றிருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

“தோ, கல்தி கிஸ்கி ஹை?” என்று ஆரம்பித்தார் சார். தப்பு யாருடையது என்கிறார்.

“மேரி ஹை, சார்” என்றேன், என்னுடையதுதான் என்று. தேவைக்கு மேல் சத்தமாகவே வந்துவிட்டது.

அவருக்குப் புரியவில்லை. “கேபிள் மே?”

“கேபிள் ஏக்தம் டீக் ஹை சார். கராபி மை ஹூன்.”

கேபிளில் ஒரு குறையும் இல்லை, பழுதே நான்தான் என்று ஒன்பது பேர் முன்னால் என் இந்தியில் அறிவித்துவிட்டேன். யாரோ சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. நகல் கதையை முழுதாகச் சொன்னேன். என் மெயிலைத் திரும்பப் பெறுவதாகவும், வயர் நன்றாக இருக்கிறது என்று அதே ஒன்பது பேருக்கும் எழுதப்போவதாகவும் சொன்னேன். அன்றே எழுதினேன். அதற்கு அகராதி தேவைப்படவில்லை.

என் வேலை நிரந்தரமாவதை மூன்று மாதம் தள்ளிவைத்தார்கள். காதர் பாயின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் வாய்க்கு வேலை கூடிவிட்டது. மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்து, “ஒங்க மவா மூணு நாளா தன்னையே தேடிக்கிட்டு இருந்தா” என்று அம்மாவிடம் நடித்துக் காட்டினார். தெருக்குழாய் வரை கதை போனது.

பிறகு என் கல்யாணத்துக்கும் குடும்பத்தோடு வந்தார். சாப்பிட்டு முடித்து நேராக மணமேடை ஏறி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“மாப்ள, வீட்ல எது நின்னு போனாலும் மெக்கானிக்கக் கூப்பிடாதீய. மொதல்ல இவள வாசலுக்கு வெளிய போயி நிக்கச் சொல்லுங்க. தானா ஓடும்.”

மண்டபம் குலுங்கியது. எனக்கு முகம் எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அன்றைக்குச் சத்தமில்லாமல் அந்த நகலை அழித்திருந்தால் இந்தக் கேலி கிடையாது. காதர் பாயும் என் கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கமாட்டார்.

இப்போது சான்பாடாவில் இருக்கிறோம். இன்டர்நெட் நின்றால், ஃபிரிட்ஜ் நின்றால், என் கணவர் வாசல் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்ப்பார். எட்டு வயது மகள் என் செருப்பைக் கொண்டுவந்து வைப்பாள். நான் போகமாட்டேன். இதுவரை இரண்டே முறைதான் போய் நின்றிருக்கிறேன். இரண்டு முறையும் சரியாகிவிட்டது. அதற்கும் நான் வெளியே நின்றதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.