பின்னறைக்கு ஓர் அத்தாட்சி

மனைவியின் பேச்சு தன் இதயத்தைக் கெடுக்கிறது என்பதை விஞ்ஞானத்தைக் கொண்டே நிரூபித்துவிடுவது என்று காவலாளி முடிவு செய்தார். நிரூபித்தால் வீட்டின் பின்னறை அவருக்கு. பன்னிரண்டு வருஷமாக மனோதத்துவ ஆராய்ச்சிக்கூடத்தில் இரவுக் காவல். பகலில் வீட்டுக் கூடத்தில் படுத்தால், பக்கத்திலேயே தையல் மெஷினோடு போட்டி போட்டு அவள் பேச்சு. கண்ணே மூடுவதில்லை என்று அவர் நினைப்பு. பின்னறைக்குக் கதவு இருந்தது. அவர் ஆசைப்பட்டது அந்தக் கதவுக்குத்தான்.

அவர் காவல் காத்த இடத்து ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி நெஞ்சில் கட்ட ஒரு பட்டை கொடுத்தாள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை அது அளக்கும். மனசு லேசாக இருந்தால் இடைவெளி கூடிக் குறைந்து விளையாடும்; இறுகிப்போனால் ராணுவ நடை போடும். எந்நேரம் என்ன நடந்தது என்று எழுத ஒரு நோட்டும் உண்டு.

"எதுக்குங்க இந்தப் பட்டை?"

"நீ பேசுறப்ப என் நெஞ்சு என்ன பாடு படுதுன்னு தெரியும்."

"ஓ. பேசாதப்ப?"

"அதுவும் தெரியும்."

"நல்லா இறுக்கிக் கட்டுங்க. அவுந்துடப் போகுது."

நாற்காலியை விட்டு அசையாமல் எழுதினார். 'ஒன்பது முதல் பத்து: பக்கத்து வீட்டுக் கதை. சித்திரவதை.' பத்து மணிக்கு அவள் திடீரென்று பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். 'பத்து முதல் பன்னிரண்டு: தனிமை. சொர்க்கம்.' உட்கார்ந்தபடியே வாசலை நாலு தடவை எட்டிப் பார்த்ததை மட்டும் எழுதவில்லை.

முடிவு கேட்க ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவளும் கூடவே வந்துவிட்டாள். திரையில் சித்திரவதைக் கோடு தொட்டில் மாதிரி ஆடியது. சொர்க்கக் கோடு விறைத்துக் கிடந்தது.

"நோட்டுல மணியை மாத்தி எழுதிட்டீங்களா சார்?" என்றாள் ஆராய்ச்சிக்காரப் பெண்.

"இல்லம்மா, சரியாத்தான் எழுதியிருக்காரு," என்றாள் மனைவி. "பத்து மணிக்கு நான் வேணும்னேதான் கிளம்பிப் போனேன். நான் பேச ஆரம்பிச்சா குறட்டை விடுறவரு இவரு. எனக்குத் தெரியாதா?"

"ஒரு நாள் அளவை வச்சு உறுதியா எதுவும்..."

"எங்களுக்கு இது போதும்மா."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் யோசித்துக்கொண்டே நடந்தார். ஆளில்லாத கட்டடத்தில் டார்ச் அடித்துத் திரிந்த அத்தனை இரவுகளிலும் நெஞ்சு இப்படித்தான் விறைத்துக் கிடந்ததோ? விடிந்து படியேறுகையில் அவள் குரல் கேட்டதும் கண்ணைச் சுழற்றுமே, அது களைப்பு இல்லையோ? இத்தனை வருஷம் தன் நெஞ்சுக்கே தான் காவல் இருக்கவில்லை என்று தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் தையல் மெஷினைக் காட்டினாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க. பின்னறைக்குப் போகட்டும். நீங்க கூடத்துல காலை நீட்டிப் படுங்க. நான் கதவைத் தொறந்து வச்சுப் பேசிக்கிட்டே தைக்கிறேன்."

"ரொம்பக் கனமா இருக்கே!"

"தூக்குங்க. நான்தான் பேசிட்டே வரேனே, நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாது."