என் அரிப்புக்கு ஒரு லேப் ரிப்போர்ட்

திருப்பூர்க்காரர்களுக்கு உடம்பில் எங்கே அரித்தாலும் முதல் சந்தேகம் துணி மேல்தான் வரும். பதினாறு வருடமாகப் பனியன் கம்பெனியில் துணியின் தரம் பார்த்துச் சம்பளம் வாங்கும் எனக்கு வராமல் போகுமா?

எனக்கு அரித்தது பெண்ணுறுப்பில். தோல் வெளுத்து, மெலிந்து, லேசாக உரசினாலே வெடித்தது. இரண்டு வருடம் யாரிடமும் மூச்சு விடவில்லை. மெடிக்கல் ஷாப்பில் "வீட்டுக்காரருக்குப் படர்தாமரைங்க" என்று சொல்லிக் களிம்பு வாங்கினேன். (பாவம், அந்த மனுஷனுக்கு ஒரு பருகூட வந்ததில்லை.) வேப்பிலைத் தண்ணீரில் கழுவியும் பார்த்தேன். எரிந்ததுதான் மிச்சம். புற்றுநோயோ என்று பயம். டாக்டரிடம் போனால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயம்.

அப்போதுதான் என் மகா மூளை வேலை செய்தது. நான் போடுவதெல்லாம் எக்ஸ்போர்ட்டில் கழித்த உள்ளாடைகள். சாயத்தில்தான் கோளாறு! ஒன்றை (துவைத்ததுதான், சத்தியமாக) கவரில் போட்டு, பரிசோதனைக்குப் போகும் கம்பெனித் துணிகளோடு லேபுக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை மீட்டிங். பதினோரு பேர் நடுவில் மேனேஜர் அந்தக் கவரைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏனுங்க மேடம், இது நீங்க அனுப்புன சாம்பிளுங்களா? சாயம், கெமிக்கல் எல்லாமே பாஸுங்க. ஆனா ஆர்டர் ஷீட்டே இல்லீங்களே. எந்த பையருதுங்க?"

"புது பையருங்க."

"எந்த ஊருங்க?"

எங்கள் துணியை வாங்க ஜெர்மனி, டென்மார்க் என்று உலகத்தில் எத்தனை நாடு இல்லை! என் வாயில் வந்தது திருப்பூரை ஒட்டி நான் குடியிருக்கும் ஊர்.

"அவிநாசிங்க."

பதினோரு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் துணி பாஸ் என்றால் ஃபெயில் ஆனது நான்தானே? அன்று மதியமே லீவு போட்டுவிட்டுத் தோல் டாக்டரிடம் ஓடினேன்.

அந்த அம்மா நிதானமாகப் பார்த்தார். "லைக்கன் ஸ்கிளிரோசஸுங்கற தோல் வியாதிங்க. கேன்சர் இல்லீங்க, தொத்தவும் தொத்தாது. அடியோட போகாது, ஆனா அடங்கிரும். இந்த ஸ்டீராய்டு களிம்ப மொதல்ல தினமும் மெல்லிசா தடவுங்க, அப்பறம் வாரத்துக்கு ரெண்டு நாளா கொறைச்சுக்கலாம். ஒத்துக்கலீன்னா வேற மருந்தும் இருக்குதுங்க. சோப்பு, வேப்பிலை எதுவும் வேண்டாம். அடங்குனாலும் வருசா வருசம் வந்து காட்டோணும்."

"ஸ்டீராய்டு ஆகாதும்பாங்களேங்க?"

"பயந்துட்டுப் பாதில நிறுத்துனாத்தானுங்க ஆகாது."

'கேன்சர் இல்லீங்க' என்றதற்குப் பிறகு பாதி என் காதில் ஏறவில்லை. அழுதுகொண்டிருந்தேன். அவர் எல்லாவற்றையும் சீட்டில் எழுதித் தந்தார். இரண்டு வருடப் பாரம் இரண்டு நிமிடத்தில் இறங்கியது.

வீட்டுக்காரரிடம் படர்தாமரைப் பொய் உட்பட எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். "ரெண்டு வருசமா எங்கிட்டகூடச் சொல்லலியே புள்ள" என்று முகம் வாடியவர், மீட்டிங் கதை வந்ததும் கட்டிலில் உருண்டு சிரித்தார்.

அரிப்பு அடங்கிவிட்டது. கம்பெனியில் மட்டும் ஆள் தெரியாத சரக்குக்கெல்லாம் 'அவிநாசி பையர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. களிம்பு தீரும்போதெல்லாம் மெடிக்கல் ஷாப்புக்கு இப்போது வீட்டுக்காரர்தான் போகிறார். வண்டியைக் கிளப்பிக்கொண்டே வாசலிலிருந்து சத்தமாகக் கேட்பார்:

"அவிநாசி பையருக்கு எத்தன பீஸுங்க மேடம்?"