நக்கோ சாரும் ஒரு பிரசவமும்

கர்ப்பிணிகளிடம் நக்கோ சார் அளவுக்கு மரியாதையாக நடந்துகொண்ட மனிதரை ஹைதராபாத்தில் நான் பார்த்ததில்லை. கர்ப்பிணி எலியாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

அவருடைய நிஜப் பெயர் அறைக் கதவில் இருந்தது. யாரும் படித்ததில்லை. செகந்திராபாத்தில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திரும்பி, ஹைதராபாத்துக்கே உரிய தக்கினி இந்தியில் போய் இறங்குவார். எதைக் கேட்டாலும் முதல் பதில் 'நக்கோ'. வேண்டாம் என்று அர்த்தம். நான் லீவு கேட்டாலும் நக்கோ, புது மைக்ரோஸ்கோப் வாங்கலாமா என்று டைரக்டர் கேட்டாலும் நக்கோ. அதற்குப் பிறகுதான் கேள்வி என்ன என்று விசாரிப்பார்.

எங்கள் ஆய்வகத்தில் எலிகள் இருக்கும் அறைக்குள் அவர் தடை செய்தவை: மல்லிகைப்பூ, சென்ட், கண்ணாடி வளையல், கொலுசு, செல்போன், தும்மல், மனக்கவலை. கடைசியை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார்.

"மூஞ்சி ஏன்மா இப்படி இருக்கு? வீட்ல சண்டையா? நக்கோ, உள்ள போகாத. உன் டென்ஷன் அதுங்களுக்கு ஒட்டிக்கும்."

கரூரிலிருந்து ஆராய்ச்சிப் பட்டம் வாங்க வந்த நான், அம்மாவோடு போனில் சண்டை போட்ட நாட்களையெல்லாம் வராந்தாவில்தான் கழித்தேன்.

எங்கள் ஆராய்ச்சி எலும்பு வளர்வது பற்றியது. கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகத்தான் உருவாகின்றன. அதன் முனையில் செல்கள் வரிசையாக நின்று, முன்னால் இருப்பவை பெருத்து, எலும்புக்கு இடம் விட்டு விலகும். எலும்பு நீள்வது அப்படித்தான். ஒரு மரபணுவில் சின்ன மாற்றம் வந்தால் அந்த வரிசை குலைந்து, கால் குட்டையாகிவிடும். இதை நக்கோ சார் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்படிச் சொல்வார்:

"நார்மல் எலின்னா மெட்ரோ ஸ்டேஷன் கியூ. மியூட்டன்ட் எலின்னா ஆபீஸ் நேரத்து செகந்திராபாத் பஸ். ரெண்டுலயும் அதே ஜனங்கதான்மா. நிக்கிற விதம்தான் வேற."

எலிகளோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. குகட்பள்ளியில் எங்கள் சக ஆய்வாளர் ஒருவரின் கல்யாணத்துக்கு வந்தவர், அட்சதை போட்ட கையோடு மாப்பிள்ளையின் முழங்கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "குருத்தெலும்பு ஃபஸ்ட் கிளாஸ். தைரியமா பொண்ணைக் கொடுங்க" என்று பெண்ணின் அப்பாவுக்குச் சான்று வழங்கினார். தாலி கட்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அவர் இளம் வயதிலிருந்து காப்பாற்றி வந்தது ஒரே ஒரு எலி வம்சத்தை. அந்த மரபணு மாற்றம் அந்த வம்சத்தில் மட்டும்தான் உண்டு. முன்னெச்சரிக்கையாகக் கருவை உறைய வைத்துச் சேமிக்கலாம் என்று எல்லோரும் சொன்னபோது, வழக்கம்போல நக்கோ. "என் பிள்ளைங்கள ஐஸ்ல வைக்கச் சொல்றியா?" பலன், போன வருஷம் நோயில் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஒரே ஒரு பெண் எலி மிஞ்சியது. கர்ப்பமாக. அதன் குட்டிகள் பிழைத்தால்தான் எனக்குப் பட்டம். இல்லையென்றால் என் ஆராய்ச்சியும், அவருடைய பாதி ஆயுளும் அதோடு சரி.

அதன் முந்தைய பிரசவத்தின்போது பக்கத்துக் கட்டடத்தில் டிரில்லிங் சத்தம். மிரண்டுபோன தாய் குட்டிகளைத் தின்றுவிட்டது. எலிகள் அப்படிச் செய்யும்.

இந்த முறை விநாயக சதுர்த்தி அன்று காலை குட்டி போட்டது. மத்தியானம், எங்கள் பின்சுவரை ஒட்டிப் பிள்ளையார் பந்தல் போட்டிருந்த இளைஞர்கள் ஆளுயர ஸ்பீக்கர்களை ஆன் செய்தார்கள். கூண்டின் தண்ணீர் பாட்டில் அதிர்ந்தது. நக்கோ சார் வெள்ளைக் கோட்டோடு ஓடினார். பின்னால் நான்.

அவர் பேசியது தக்கினி இந்தியில். தமிழில் தருகிறேன்.

"பாட்டு நக்கோ! உள்ள டெலிவரி ஆகியிருக்கு!"

ஆரஞ்சுத் துண்டு கட்டிய அவர்கள் தலைவர் உடனே சத்தத்தைக் குறைத்தார். "சொல்லவே இல்லையே அங்கிள்! பையனா, பொண்ணா?"

"எட்டு இருக்கும். நான் எண்ணலை."

"எட்டா!"

"எட்டு என்ன பெரிய விஷயம்? போன தடவையும் அவ்வளவுதான். சத்தம் கேட்டுப் பயந்து எல்லாத்தையும் அவளே தின்னுட்டா."

லட்டு பிடித்துக்கொண்டிருந்த பையனின் கை அப்படியே நின்றது.

"அங்கிள்... போலீஸ்ல சொன்னீங்களா?"

"போலீஸ் எதுக்கு? முதல் பிரசவத்துல இதெல்லாம் சகஜம்தான்."

தலைவர் செல்போனைக் கையில் எடுத்துவிட்டார். நான் குறுக்கே புகுந்தேன். "அண்ணா, எலி! அவர் சொல்றது எலி!"

அவர்கள் சிரித்த சிரிப்பில், ஸ்பீக்கரே தேவலை என்று தோன்றியது. நக்கோ சாருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. "எலின்னு தனியா வேற சொல்லணுமா? நான் வேற யாரோட பிரசவத்துக்கு ஓடி வருவேன்?"

தலைவர் சிரித்து முடித்துவிட்டுப் பிள்ளையாரைப் பார்த்தார். பிள்ளையாரின் காலடியில் இருந்ததைப் பார்த்தார். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றினார்.

"சாமியோட வண்டிக்கே டெலிவரி. இன்னைக்குக் கைத்தட்டி பஜனை பண்ணாப் போதும்டா." பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்று புளிஹோரா, அதாவது புளியோதரை, பொட்டலம் ஒன்றையும் என் கையில் திணித்தார்.

ஆனால் சத்தம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதே. கூண்டைத் திறக்கக் கூடாது, தொடக் கூடாது. நக்கோ சார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்ணாடிக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். தாய் எலி குட்டிகள் மேல் கவிழ்ந்து படுத்திருந்தது. எத்தனை மிச்சம் என்று தெரியவில்லை. சாயங்காலம் வாக்கில் அது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனது. பஞ்சுக்குள் சிவப்பாகக் குட்டிகள் நெளிந்தன. பிறந்த எலிக்குட்டியின் தோல் அத்தனை மெல்லியது. பால் குடித்திருந்தால் வயிற்றில் வெள்ளையாகத் தெரியும்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே வந்து, கதவை ஓசையில்லாமல் சாத்தினார்.

"எல்லாரும் குடிச்சிட்டாங்கம்மா. நீதான் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. போ, அந்தப் பொட்டலத்தைப் பிரி."

புளிஹோரா ஆறிப்போயிருந்தது, உப்பும் தூக்கல். அதைவிட நல்ல சாப்பாடு இந்த ஊரில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.