எங்கட பக்கத்துப் புறாக்கள்

படித்ததை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் சிலருக்கு வயிறு ஊதிப்போகும். நானும் அந்த வியாதிக்காரன்தான். இப்போது மருந்து எடுக்காமலே குறைந்துவிட்டது. தொண்ணூறுகளில் முற்றிப்போய் இருந்தது. பஸ் தரிப்பில் பக்கத்தில் நிற்கிறவரிடம்கூடப் பறவைகளைப் பற்றி விளக்கம் சொல்வேன். (அந்தக் குளிரில் மனுசர் வேறு எங்கே ஓடுவார், பாவம்.)

அப்போது நான் ரொறன்ரோவில் விலங்கியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். சென் ஜேம்ஸ் ரவுணில், லிஃப்ட் வேலை செய்தால் அதிசயம் என்ற ஒரு கட்டடத்தில், நண்பர்களோடு அறை. அவர்கள் கோப்பை கழுவியும் பெட்டி சுமந்தும் ஊருக்குக் காசு அனுப்பிக்கொண்டிருக்க, நான் புறாக்களைப் பெட்டிக்குள் வைத்து அவற்றின் மூச்சை அளந்துகொண்டிருந்தேன். விளையாட்டில்லை, உண்மையாகவே அதுதான் என் ஆராய்ச்சி. பட்டினி போட்ட புறாவை இருட்டுப் பெட்டிக்குள் அமைதியாக இருக்கவிட்டு, அது எவ்வளவு ஒட்சிசனை எடுக்கிறது என்று கருவியில் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது ஓர் உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு அனுசேப வீதம் என்று பெயர். தீவுகளில் வாழும் பறவைகள் பலவற்றுக்கு இந்த வீதம் குறைவு. அங்கே துரத்திப் பிடிக்கிற விலங்கு குறைவு, தீனியும் மட்டுமட்டு. ஓடிப் பறந்து என்னத்தைக் கண்டோம் என்று அவை அடுப்பைத் தணித்து வைத்துக்கொள்கின்றன. சில இனங்கள் பறப்பதையே விட்டுவிட்டன. அழகான விசயம். இன்றைக்கும் எனக்கு அது அழகான விசயம்தான்.

இனி ஜசிந்தா. அதே பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தாள். நூலகத்தில் தொடங்கிய பழக்கம், கலியாணம் கட்டுவது என்ற முடிவு வரைக்கும் வந்திருந்தது. நான் சைவம், அவள் வேதக்காரி, கத்தோலிக்கம். கொழும்பிலிருந்த அம்மாவுக்கு அது முதல் இடி. இரண்டாவது இடி, அவள் தீவுப்பக்கம் என்பது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் தீவுகளைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். சொல்லும்போது எங்கள் வீட்டில் மூக்கு கொஞ்சம் சுருங்கும். அந்த மூக்குகளுக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன். அதைப் பிழை என்று நான் நினைத்ததில்லை. அதைப் பற்றி நினைத்ததே இல்லை என்று சொல்வதுதான் சரி.

ஜசிந்தாவின் அப்பா மரியதாஸ் அங்கிள். ஒருகாலத்தில் தென்னிலங்கையில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடையை எரித்துவிட்டார்கள். ரொறன்ரோவில் பகலில் தொழிற்சாலை, பின்னேரம் ஓர் உணவகத்தின் குசினி. என் சமயத்தைக் கேட்டு முதலில் முகத்தைத் திருப்பியவர், மகள் அழுத அழுகையில் மெல்ல இறங்கி வந்தார். “படிச்ச பெடியன் எண்டுறாய். ஒருக்கால் பாப்பம்” என்றாராம்.

அந்த ஒருக்கால் பார்க்கிறதற்கு ஜசிந்தா ஒரு திட்டம் போட்டாள். அவர்களுடைய தீவு ஊர்ச் சங்கம் மாரிகாலத்தில் ஸ்காபரோவில் ஒரு மண்டபம் எடுத்து இராப்போசன விருந்து வைப்பது வழக்கம். மரியதாஸ் அங்கிள்தான் தலைவர்.

“அங்க நீங்கள் ஒரு சின்னப் பேச்சுப் பேசுங்கோ. அப்பாவும் பாப்பார், அப்பாவின்ர ஆக்களும் பாப்பினம். பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேலாது.”

“என்னத்தைப் பற்றிப் பேச?”

“உங்கட புறாவைப் பற்றித்தான். வேற என்ன உங்களுக்குத் தெரியும்?”

(இதை நான் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன்.)

“தமிழில பேசுங்கோ, என்ன. சனத்துக்கு விளங்கிற மாதிரி.”

அங்கேதான் சனி பிடித்தது. தீவுக்குத் தமிழில் சொல் இருக்கிறது. தீவு அல்லாத பெரிய தரைக்கு என்ன சொல்வது? கண்டம் என்றால் எங்கள் ஆட்கள் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெருநிலப்பரப்பு என்றால் வன்னி என்று நினைப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்துக் கடைசியில் ஒரு சொல்லைக் கண்டுபிடித்தேன். தீவுகளில் இருப்பவை தீவுப்பக்கம். மற்றவை எங்கட பக்கம். என்ன எளிமை! கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

விருந்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. றோல்ஸ் பொரித்த வாசனை கோட்டுகளில் எல்லாம் ஏறியிருந்தது. மரியதாஸ் அங்கிள் கழுத்தில் புது ரை கட்டி, ஓவர்ஹெட் புரொஜெக்டரைத் தானே தூக்கி வந்து மேசையில் வைத்தார். மைக்கைப் பிடித்து, “இவர் எங்களுக்குத் தெரிஞ்ச பெடியன். பறவையளைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறார்” என்றார். எங்களுக்குத் தெரிஞ்ச பெடியன் என்று சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை அன்று எனக்குக் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்கிறது.

புறா என்ற சொல்லைத் தொடக்கத்தில் ஒருதரம் சொன்னேன். அந்த நேரம் பாதிச் சனம் சாப்பாட்டு வரிசையில் நின்றது. தட்டுகளோடு அவர்கள் வந்து அமர்ந்தபோது நான் இப்படிப் பேசிக்கொண்டிருந்தேன்:

“தீவுப்பக்கத்துச் சீவன்களுக்கும் எங்கட பக்கத்துச் சீவன்களுக்கும் உடம்பிலேயே ஒரு வித்தியாசம் இருக்கு. தீவுப்பக்கம் கொஞ்சம் மந்தம். எங்கட பக்கம் சுறுசுறுப்பு. என்ன காரணம்? தீவுப்பக்கத்தில இருக்கிறதுகள் தலைமுறை தலைமுறையா ஆபத்து ஒண்டும் இல்லாமல் இருந்து பழகினதுகள்.”

மண்டபம் அமைதியாகிவிட்டது. குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பி வந்த சனத்தைப் பார்த்து ஆபத்து இல்லாமல் பழகியவர்கள் என்கிறேன். அந்த அமைதியை நான் அறிவுத் தாகம் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன்.

“கனகாலம் போனால் உதுகள் பறக்கிறதையே மறந்துபோடுங்கள்!”

பின் வரிசையிலிருந்து தொப்பி போட்ட ஓர் அண்ணை எழும்பினார். “தம்பி, பறக்க மறந்த நாங்கள் என்னெண்டு கனடாவுக்கு வந்தனாங்கள்? நடந்தோ?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மரியதாஸ் அங்கிளும் சிரித்தார், என்னைப் பார்த்துக்கொண்டே. தப்பி வா என்று அவர் எனக்கு வழி திறந்துவிட்டார். நானும் சிரித்து, “ஐயோ அண்ணை, நான் புறாவைச் சொன்னனான்” என்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், அவர் எனக்கு மாமா ஆகியிருப்பார். ஆனால் எனக்கோ ரோசம் வந்துவிட்டது. ஆராய்ச்சியைப் பார்த்துச் சிரிப்பதா?

“உதில கோவிக்க ஒண்டுமில்லை. அளந்து பாத்துத்தான் சொல்லுறம்” என்று வரைபடத்தில் கம்பை வைத்தேன். “இந்தா, இந்தக் கோடு எங்கட பக்கம். இது தீவுப்பக்கம். கீழ கிடக்கு.”

பிறகு கேட்க வேண்டுமா? முன் வரிசையில் ஓர் அன்ரி தட்டை வைத்துவிட்டு எழும்பினார். “விடிய ஒரு வேலை, பொழுதுபட ஒரு வேலை எண்டு ஓடுற சனத்தைப் பாத்து மந்தம் எண்டுறியோ?” இன்னொருவர், “உவனை ஆர் இஞ்ச கூப்பிட்டது?” என்றார். எல்லாத் தலையும் மரியதாஸ் அங்கிளின் பக்கம் திரும்பியது. அவர் மெல்ல எழும்பி வந்து புரொஜெக்டரை நிறுத்தினார்.

“காணும் தம்பி. சாப்பிட்டிட்டுப் போம்.”

அதைச் சொன்னதோடு விடாமல், தன் கையால் கொத்துரொட்டி போட்டுத் தட்டைக் கொண்டுவந்து தந்தார். நான் அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் வெளியேறினேன். பஸ்ஸில் வரும்போது முழுக்க, விஞ்ஞானம் விளங்காத சனம் என்று திட்டிக்கொண்டே வந்தேன். (பக்கத்தில் இருந்தவருக்கு அன்று விளக்கம் எதுவும் சொல்லவில்லை.)

அடுத்த நாள் ஜசிந்தா எனக்குப் போன் எடுத்தாள். “ஒருக்கால் வீட்டை வந்து அப்பாவோட கதையுங்கோ.”

“நான் பிழையா ஒண்டும் சொல்லேல்லையே. புறாவைத்தானே சொன்னனான்.”

“புறாவைச் சொன்னனீங்கள், சரி. எங்கட பக்கம் எண்டு ஆரைச் சொன்னனீங்கள்? அதில நான் இருக்கிறனோ?”

புறாவுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒளிந்திருந்த எங்கள் வீட்டு மூக்கை அவள் சரியாகப் பிடித்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டவன் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். “அடுத்த கிழமை வாறன்” என்றேன். அடுத்த கிழமை ஆய்வுகூடத்தில் வேலை. அதற்கடுத்த கிழமை பனி. பிறகு, இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று வந்துவிட்டது. பனி கரைந்தபோது அவளும் போன் எடுப்பதை நிறுத்தியிருந்தாள். வேறு இடத்தில் அவளுக்கு நிச்சயமாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். காலம் போக எனக்கும் கலியாணம் நடந்தது. நல்ல மனுசி. இந்தக் கதையில் சிரிக்கிற பாதியை மட்டும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன கோடையில் ஒஷாவாவில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிவு செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு குரல் என் பெயரைச் சொன்னது. ஜசிந்தா. கண்ணாடி போட்டிருந்தாள், தலை பாதி நரை. கூடவே பல்கலைக்கழக வயதில் ஒரு மகள். அப்பா சுகமா என்று கேட்டேன்.

“அப்பா மோசம் போட்டார். கண்ணை மூடி ஒரு வருசமாகுது.” கூடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். “அவருக்கு உங்களில கோவம் ரெண்டு மூண்டு நாள்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமையளில பூசை முடிஞ்சு வந்து, போட்ட நல்ல சேட்டைக் கழட்டாமல் இருப்பார். ஏனப்பா எண்டால், பெடியன் வந்தாலும் வரும் எண்டுவார்.”

நான் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க இனி ஆளில்லை.

மகள் அம்மாவின் கையை இழுத்தாள். “அம்மா, ஹூ இஸ் திஸ்?”

“இவர்தான் புறா அங்கிள்.”

“நோ வே! ரியலா இருக்கிறாரா?” அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிறகு எனக்கே விளக்கம் சொன்னது. அவர்கள் வீட்டில் யாராவது விடிந்த பிறகும் படுத்துக் கிடந்தால், “எழும்பு, எழும்பு, புறா அங்கிள் அளக்க வாறார்!” என்று தாத்தா கத்துவாராம். தாத்தா போன பிறகும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

நல்ல பகிடி. நானும் சிரித்தேன். மருமகனாகப் போயிருக்க வேண்டிய வீட்டில், காலையில் பிள்ளைகளை எழுப்புகிற வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது.