அப்பனுக்குச் சான்று கேட்டவன்

"எங்கப்பனுக்கே சான்று கேட்டுட்டான்யா, அந்தச் செவல்மண்ணு!"

பெண் பார்க்க வந்த இடத்தில், கேசரியை மென்றுகொண்டே மாப்பிள்ளையின் அப்பா சின்னச்சாமி இதைச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா வீரபாண்டிக்குக் காபி மூக்கில் ஏறியது.

ஏறாதா பின்னே? அந்தச் செவல்மண் அவர்தான்.

வீரபாண்டிக்குத் திருச்சுழியில் உரக்கடை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதுவார். அங்கே யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. ஏழு வருஷம் உழைத்து நிர்வாகியாகிவிட்டார். அடித்துக்கொள்கிறவர்களை விலக்கிவிடுவதும், அடங்காதவர்களைத் தடை செய்வதும் அவர் வேலை. நேரில் ஒரு கோழியை விரட்டவும் துணிச்சல் இல்லாத மனிதர், செவல்மண் என்ற பெயரில் உட்கார்ந்தால் மட்டும் புலி. வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. போனும் கையுமாக இருந்தால் யூரியா எப்போது வரும் என்று பார்க்கிறார் போல என்று விட்டுவிடுவார்கள்.

"யாருண்ணே அது செவல்மண்ணு?" என்று தரகர் இருளாண்டி எடுத்துக்கொடுத்தார். அவர் வாயில் கொழுக்கட்டையை வைத்திருக்கலாம்.

சின்னச்சாமிக்கு ஊர் நரிக்குடிப் பக்கம் கூத்தனேந்தல். பக்கத்து ஊர் முள்ளிப்பட்டி. இரண்டுக்கும் பொதுவாக ஒரு கண்மாய். தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். கரையில் நின்று ஒருவர் வெள்ளைத் துண்டை வீசினால்தான் ஜனம் வலையோடு இறங்கலாம். அந்த முதல் துண்டு எந்த ஊர்த் துண்டு? கலைக்களஞ்சியத்தில் 'கூத்தனேந்தல்' என்று சின்னச்சாமி எழுத, மேலக்கரையான் என்ற பெயரில் எவனோ அதை 'முள்ளிப்பட்டி' என்று மாற்ற, போன மாதம் ஒரே நாளில் பதினொரு தடவை மாற்றி மாற்றி அடித்திருக்கிறார்கள்.

"எங்கப்பா சொல்லியிருக்காகன்னு எழுதுனேன். அதுக்குப் பக்கத்துலயே 'சான்று தேவை'ன்னு போடுறான். எங்கப்பன் சொன்னதுக்கு நான் எவன்ட்டய்யா போயிச் சான்று வாங்க? கேட்டதுக்கு, ஒரு நா பூராம் என்னைய எழுத விடாமத் தடை பண்ணிப்புட்டான். ஆளு மட்டும் தெரியட்டும்…"

தெரிந்தால் என்ன செய்வார் என்று சொல்லவில்லை. மிச்சக் கேசரியைக் கரண்டியால் இரண்டாகப் பிளந்தார். வீரபாண்டிக்குக் கழுத்து கூசியது.

மகள் பிருந்தாவுக்கு எட்டு ஜாதகம் தட்டிப் போயிருந்தது. மூல நட்சத்திரம், மாமனாருக்கு ஆகாது என்று எட்டு மாமனாரும் ஓடிவிட்டார்கள். இது மட்டும்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களே தரகரை அனுப்பி, வலிய வந்து கேட்ட சம்பந்தம். கதவிடுக்கு வழியாக மாப்பிள்ளை மதன்குமாரைப் பார்த்த பிருந்தா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து மூன்று வருஷம் ஆயிற்று. அடுத்த ஞாயிறு நிச்சயம் என்று முடிவானது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். வீரபாண்டி மட்டும் சட்டைப்பையிலிருந்த போனைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் காரியமாக 'சான்று தேவை'யை எடுத்துவிட்டார். மனுசன் குளிர்ந்துபோகட்டும். பத்து நிமிஷத்தில் மேலக்கரையான், 'செவல்மண் விலை போய்விட்டார்' என்று எழுதிவிட்டு, கூத்தனேந்தலை முள்ளிப்பட்டியாக்கினான். சின்னச்சாமி திருப்பி மாற்றினார். அவன் மாற்றினான். விதிப்படி இருவரையும் தடை செய்ய வேண்டும். சின்னச்சாமியை இன்னொரு தடவை தடை செய்யவா? வீரபாண்டி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒருவரும் திருத்த முடியாதபடி பக்கத்தையே ஒரு வாரம் பூட்டினார்.

கண்ணைத் திறந்து பார்த்தால், பூட்டிய பக்கத்தில் நின்றது முள்ளிப்பட்டி.

போன் அடித்தது.

"சம்பந்தி! அந்தச் செவல்மண்ணு அவன் பக்கம் சாஞ்சு பூட்டிப்புட்டான் சம்பந்தி!"

"அப்படியாண்ணே… தெரியாமப் பூட்டியிருப்பாரு."

"என்னது, பூட்டியிருப்பாரா? அவனுக்கென்ன மரியாத? அவன் எழுதுன மத்ததெல்லாம் பாத்தேன். பூராம் திருச்சுழிச் சங்கதி. உங்க ஊருக்காரப் பயதேன். கொஞ்சம் விசாரிங்க."

"விசாரிக்கிறேண்ணே" என்றார் வீரபாண்டி. குரல் கீச்சென்று வந்தது.

அப்போதுதான் அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது. போன வருஷம் மதுரையில் எழுதுகிறவர்கள் முப்பது பேர் கூடினார்கள். ஆளுக்கொரு புனைபெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்தார்கள். அது களஞ்சியத்திலேயே ஒரு மூலையில் கிடந்தது. கிடந்ததை அப்படியே விட்டிருக்கலாம். விதி யாரை விட்டது? 'இப்படத்தை நீக்கவும் – செவல்மண்' என்று விண்ணப்பம் போட்டார். நீக்குவதற்கு முன்னால் ஏழு நாள் எல்லோரிடமும் கருத்துக் கேட்க வேண்டுமென்பது அங்கே சட்டம். அறிவிப்பு முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்து நின்றது. அதுவரை ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காத படத்தை ஒரே நாளில் ஐந்நூறு பேர் பார்த்தார்கள்.

மறுபடி போன்.

"சம்பந்தி, மாட்டிக்கிட்டான்! அவனா வந்து படத்த அழிக்கச் சொல்றான். அப்ப அவன் மூஞ்சி அதுல இருக்குன்னுதான அருத்தம்? என் போன்ல எல்லா மூஞ்சியும் பொட்டுப் பொட்டாத் தெரியுது. அருப்புக்கோட்டையில பெருசா பிரிண்டு போடச் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கெழம எடுத்தாரேன், நீங்க பாத்து ஆருன்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் வீரபாண்டி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். இருபத்தைந்து வருஷத்து மீசை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ஒரு துளி அழுதுவிட்டு, வழித்தெடுத்தார்.

வெளியே வந்தவரைப் பார்த்து மனைவி முருகலட்சுமி கையிலிருந்த பூத்தட்டை நழுவவிட்டாள்.

"ஆத்தீ! நல்ல நாளும் அதுவுமா இது என்ன கோலம்? ஆரு செத்தா?"

சுந்தராம்பாள் சித்தி வாசலில் கால் வைத்ததும், மழித்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரிக்கு ராகம் எடுத்துவிட்டாள். செத்தது யார் என்று அதற்கப்புறம்தான் கேட்டாள். எதிர்வீட்டுக்காரர்கள் நாற்காலி வேணுமா என்று விசாரித்தார்கள்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. சின்னச்சாமி சுருட்டிய படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். அவர் மனைவி சந்தனம்மாள் பேசாமல் வந்து, பரிசச் சேலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன சம்பந்தி, மீசையக் காணோம்?"

"வெ… வெக்கையா இருந்துச்சுண்ணே."

"அது கெடக்கட்டும். இதப் பாருங்க." படத்தை விரித்தார். பாயளவு இருந்தது. "அந்தா, மூணாவது வரிசை. கழுத்து அட்டையப் படிங்க. செவல்மண்ணு! இந்த மூஞ்சிய எங்கயோ பாத்திருக்கேன் சம்பந்தி. மீசதேன் கொழப்புது."

சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் படத்திலிருந்த மீசையை மறைத்தார். குனிந்து பார்த்தார். மெதுவாக நிமிர்ந்து வீரபாண்டியைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

வீரபாண்டி ஓரடி முன்னால் வந்தார்.

"நாந்தேண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "உங்கப்பாவுக்குச் சான்றே வேணாம்ணே. துண்டு உங்க ஊருத் துண்டுதேன். என்னைய என்ன வேணாலும் செய்யுங்க. எம்மக ஆசப்பட்டுட்டா, அவ சம்பந்தத்த மட்டும் முறிச்சிராதிங்க."

ஒப்பாரிச் சித்திகூட வாயை மூடிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் பிருந்தாவின் விசும்பல் கேட்டது. சின்னச்சாமி எழுந்து, தோள்துண்டை உதறிப் போட்டார்.

"ஏலே மதனு, கெளம்பு. வண்டிய எடுக்கச் சொல்லு."

"உக்காருங்க" என்றாள் சந்தனம்மாள்.

அந்த வீட்டில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. சின்னச்சாமி உட்கார்ந்துவிட்டார். அவள் தட்டைக் கொண்டுபோய் வீரபாண்டியின் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, இந்தப் படத்த மதனு போன மாசமே தேடி எடுத்தான், அதத் தரகர்ட்டக் காட்டி உங்க வீட்டக் கண்டுபிடிச்சு ஆள விட்டதே நாந்தேன், நீங்க தடை பண்ணுன அந்த ஒரு நாளுதேன் இந்த மனுசன் மொளகாய்க்குக் களை எடுத்து, ஆட்டுக்குக் கொழ ஒடிச்சுப் போட்டு, எங்கூட உக்காந்து சோறு தின்னாக, அதனால நகை நட்டு, சீர் செனத்தி எதுவும் எங்களுக்கு வேணாம்ணே, தாலி கட்டுன கையோட இவுகள ஒரு வருசத்துக்குத் தடை பண்ணிவிட்ருங்க!"