ஊசிக்காரம்மாவின் துப்பாக்கி

பென்னாகரம், தருமபுரி வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த எவராவது, ஊசிக்காரம்மாவுக்குப் பயந்ததே இல்லை என்று மார்தட்டினால் நம்பாதீர்கள். ஒன்று, அவருக்கு வாழ்நாளில் காய்ச்சலே வந்திருக்காது. அல்லது அவர் தேர்தலில் நிற்கப்போகிறார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறையிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்ததால் ஊசிக்காரம்மா. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடும் தைரியம் யாருக்கும் இல்லாததால் அது ஓய்வூதியப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. நேரில் எல்லோருக்கும் 'நர்சம்மா'. எவ்வளவு பெரிய மீசையாக இருந்தாலும், "திரும்பு" என்று அவர் சொன்னால் திரும்பி நிற்கும். பிறகு அந்தப் பிரசித்தி பெற்ற வாக்கியம் வரும்.

"ஒண்ணும் ஆவாது சாமி. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

அவர் எந்த ஊர் எறும்பைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாலாம் வகுப்பு படிக்கும்போது பென்னாகரம் கடைத்தெருவில் என்னை ஒரு நாய் கடித்தது. அந்தக் காலத்து வழக்கப்படி தொப்புளைச் சுற்றி ஊசி. நாயை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, தருமபுரியில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தேன். "தண்ணி நல்லா வருது, தெரு அமைதியா இருக்குது" என்று என் மனைவி தேர்ந்தெடுத்த வீடு. குளியலறை மட்டும் கொல்லைப்புறத்தில். அதன் பின்சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான மதில். குடிவந்த அன்று சாயங்காலம் ஆபீஸ் களைப்பு தீரத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் 'டப்' என்றது. அடுத்த கணம் என் முதுகுக்குப் பின்னால் சுவர் 'டங்' என்று அதிர்ந்தது.

வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, காற்று வரும் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். எதிரே, பின்வாசல் தாழ்வாரத்தில், நரைத்த கொண்டையும் மூக்குக் கண்ணாடியுமாக ஓர் அம்மாள் உட்கார்ந்து, நீளமான துப்பாக்கியால் நேராக என்னைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரது? தலைய உள்ள இழு!"

இழுத்துக்கொண்டேன். வாளி உருண்டது.

"ஏய், நில்லு. நீ அந்தப் பென்னாகரம் நாய்க்கடி பையன்தானே?"

ஓட்டை வழியாகத் தெரிந்தது என் கண்கள் மட்டும்தான். பிற்பாடு ஊசிக்காரம்மாவிடமே கேட்டேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. "மூஞ்சி மாறிடும் தம்பி. பயந்த முழி மாறாது" என்றார்.

அவர் கையில் துப்பாக்கி வந்த கதை, மாதாகோயில் திருவிழாவில் ஆரம்பிக்கிறது. ஓய்வு பெற்ற வருஷம், பொழுது போகாமல் பலூன் சுடும் கடைக்கு முன்னால் நின்றிருக்கிறார். அந்தக் கடைத் துப்பாக்கிகளின் குணம் நமக்குத் தெரியும். நேராகப் பார்த்தால் கோணலாகச் சுடும். முதல் குண்டு தப்பியது. "இது எடப்பக்கமா இழுக்குது" என்று சொல்லிவிட்டு, அதற்கேற்றபடி தள்ளிப் பிடித்தார். அதற்கப்புறம் பலகையில் ஒரு பலூன் மிஞ்சவில்லை. கடைக்காரர் கும்பிட்டு, "தாயே, ராட்டினத்துல ஏறிக்கோங்க, காச நான் குடுத்துடறேன்" என்றாராம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஓர் ஏர்கன் வாங்கிக் கொடுத்தான். குழலை மடக்கி, குண்டு போட்டு, நிமிர்த்திச் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கி. லைசென்ஸ் தேவைப்படாத சின்ன வகை. யாரோ போட்டுக் கொடுக்க, விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். ஊசிக்காரம்மா பில்லைக் காட்டினார். போலீஸ்காரர் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்கு மேலாகத் தெரிந்த அந்தப் பார்வையைப் பார்த்தார், "வரேங்க நர்சம்மா" என்றார், போய்விட்டார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பழைய ஞாபகம் போலிருக்கிறது.

மற்றவர்கள் துப்பாக்கி சுடுவார்கள். ஊசிக்காரம்மா சிகிச்சை செய்வார். ஆஸ்பத்திரியில் கழித்து ஏலம் விட்ட குளுக்கோஸ் ஸ்டாண்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதில்தான் டார்கெட் அட்டை தொங்கும். அட்டைக்குப் பின்னால், மதிலோரம், மணல் நிரப்பிய எண்ணெய் டின். குண்டுகள், அதாவது பெல்லட்டுகள், பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டில் பஞ்சின்மேல் படுத்திருக்கும். ஒவ்வொன்றும் இடுப்பு ஒடுங்கிய குட்டி உடுக்கை மாதிரி இருக்கும். அவற்றில் ஒன்றை இடுக்கியால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விளிம்பு நசுங்கியிருந்தால் "இவன் வேணாம்" என்று ஒதுக்கிவிடுவார். தேறியவன் குழலுக்குள் போவான். பிறகு குறி வைத்து, அட்டையைப் பார்த்து மெதுவாகச் சொல்வார்: "எறும்பு கடிச்ச மாதிரிதான்."

டப். டங்.

என் குளியல் அதற்கேற்ப ஒழுங்குபட்டது. 'டங்' கேட்டதும் எழுந்து நாலு செம்பு ஊற்றிக்கொள்வேன். அவர் அடுத்த பெல்லட்டைப் பரிசோதிக்கும் நேரத்தில் சோப்புப் போட்டுவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொள்வேன். குண்டு மணலைத் தாண்டி, செங்கலையும் தாண்டி வராது என்று எனக்குத் தெரியும். என் முதுகுக்குத் தெரியாது.

ஒரு நாள் இண்டூரிலிருந்து நிலக்கடலை விவசாயி ஒருவர் வந்தார்.

"நர்சம்மா, கொரங்குத் தொல்ல தாங்கலீங்க. ஒரே ஒரு நாள் வந்து நாலு சுடு சுட்டுட்டுப் போங்க. நானே வண்டி அனுப்பறேன்."

"டாக்டர் சீட்டு இருக்குதா?"

"கொரங்குக்குங்களா?"

"உசுரோட இருக்கற எதையும் சீட்டு இல்லாம குத்த மாட்டேன். அட்டைன்னா வாங்க, சுடறேன்." சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தார். "அதென்ன கால்ல காயம்? ஆணி ஏறுச்சா? டிடி ஊசி போட்டீங்களா?"

இண்டூர்க்காரர் வந்த வேகத்தைவிட வேகமாகப் போனார்.

இப்படியே போயிருந்தால் நான் பயந்தாலும் சுத்தமாக இருந்திருப்பேன். ஆனால் தெருவுக்குப் பொறுக்கவில்லை. மாடி வீட்டுக் குழந்தை தூக்கத்தில் அலறுகிறது என்று, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைமையில் ஒரு கூட்டம் கிளம்பியது. வாசலில் ஊசிக்காரம்மாவைக் கண்டதும் கூட்டம் முழுவதும் தலைமையாசிரியருக்குப் பின்னால் போய்விட்டது. நான் கடைசியில் நின்றேன்.

"சுடறத வேணாங்கலீங்க நர்சம்மா. சத்தந்தான்... அது தொடர்ந்துச்சின்னா, உங்க பையன்கிட்டத்தான் பேசணும்" என்றார் தலைமையாசிரியர்.

அதுவரை நிமிர்ந்து நின்ற ஊசிக்காரம்மாவின் முகம் அந்தச் சொல்லில் விழுந்துவிட்டது. மகன் வெகுநாளாகவே அவரைப் பெங்களூருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "அந்த அடுக்குமாடிக்குள்ள நான் என்ன தம்பி பண்ணுவேன்? சன்னலத் தொறந்தா அடுத்தவன் அடுப்படி. இது நானும் அவரும் பாத்துப் பாத்துக் கட்டுன வூடு" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். கணவர் போன பிறகு அந்த வீட்டில் அவரும் துப்பாக்கியும்தான். தெரு ஒரு போன் போட்டால் போதும், மகன் காரோடு வந்து நிற்பான்.

"அவன்கிட்டச் சொல்லாதீங்க. சத்தந்தானே? வார்டுல நாங்க பாக்காத சத்தமா? நிறுத்திடறேன்" என்றார் ஊசிக்காரம்மா.

நிறுத்தினார். துப்பாக்கியை நோயாளியாகப் பாவித்து, வலி எங்கெங்கே என்று ஆராய்ந்தார். உள்ளே ஸ்பிரிங் முனகுகிறது. பைக் மெக்கானிக்கை வரவழைத்துக் கிரீஸ் போட்டாயிற்று. டின் அலறுகிறது, அதை எடுத்துவிட்டு, மரப்பெட்டியில் ஏரிக் களிமண்ணை அப்பி வைத்தாயிற்று. குண்டு ஈரக் களிமண்ணில் சொருகினால் 'ப்ச்' என்றுகூடக் கேட்காது. மிச்சம் அந்த 'டப்'. தாழ்வாரத்தைச் சுற்றிலும் வீட்டிலிருந்த மெத்தை, ரஜாய், ஜமுக்காளம் எல்லாவற்றையும் தொங்கவிட்டு, துப்பாக்கி முனைக்கு மட்டும் ஓர் இடைவெளி விட்டு, உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

தெரு அமைதியானது. அன்றுதான் தெருவுக்கு உண்மையான பயம் பிடித்தது.

முன்பு அவர் எப்போது சுடுகிறார் என்று ஊருக்கே தெரியும். இப்போது எப்போது சுடவில்லை என்று யாருக்கும் தெரியாது. மாடி வீட்டுப் பெண் ஹெல்மெட் போட்டுக்கொண்டு துணி காயப்போட்டாள். தலைமையாசிரியர் தன் மொட்டைமாடியில் நடைப்பயிற்சியைக் குனிந்தபடியே செய்து, இடுப்புப் பிடித்துக்கொண்டு படுத்தார். தென்னை மட்டை விழுந்தாலும் தெருவே தரையில் உட்கார்ந்தது. ஒரு குண்டும் வழிதவறி யார் வீட்டுக்கும் வந்ததில்லை. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

எனக்கு மட்டும் ஒரு துப்பு இருந்தது. குளுக்கோஸ் ஸ்டாண்டின் சக்கரம். ஐந்து மணிக்கு அதை மதிலோரம் உருட்டி வரும்போது 'கிரீச்'. சுட்டு முடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும்போது மறுபடி 'கிரீச்'. இரண்டு கிரீச்சுக்கும் நடுவில் குளியலறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸுக்கு லீவு. ஐந்து மணிக்கு முதல் கிரீச் கேட்டது. துண்டோடு காத்திருந்தேன். அண்டாவில் போட்ட வெந்நீர் ஆறியது. ஆறரை ஆயிற்று. இரண்டாவது கிரீச் வரவில்லை.

"இருட்டப் போவுது. இன்னுமா சுடறாங்க?" என்றாள் மனைவி.

வாசல் கதவைத் தட்டினோம். உள்பக்கம் தாழ்ப்பாள். போன் போட்டோம். அது வீட்டுக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. என் கை தானாகப் போய்த் தொப்புளை மூடிக்கொண்டது.

"மதில் ஏறிக் குதிங்க" என்றாள் மனைவி.

"அந்தப் பக்கம் டார்கெட்டு இருக்குது."

"அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"ஆவலேன்னா?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். வெள்ளைத் துண்டை ஆட்டிக்கொண்டே, "நர்சம்மா, நாந்தான்! நாய்க்கடி! சுடாதீங்க! நாய்க்கடி வர்றேன்!" என்று தெருவே கேட்கக் கத்தியபடி மதில்மேல் ஏறினேன். மேலே பதித்திருந்த கண்ணாடிச் சில்லு முழங்காலைக் கிழித்தது. களிமண் பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்தேன். எதிரே ஆடாமல் தொங்கும் மெத்தைகள், நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி. அந்த இடைவெளியை நோக்கி நான் நடந்த நடையை என் எதிரிகூட நடக்கக் கூடாது. 

மெத்தையை விலக்கினேன். ஊசிக்காரம்மா தரையில் கிடந்தார். ஜமுக்காளம் தடுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் வீங்கித் திரும்பியிருந்தது. துப்பாக்கி பக்கத்தில், குண்டு எடுத்து, குழல் மடக்கி, பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. உதடு வறண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

"டார்கெட் பக்கமாவா எகிறிக் குதிப்ப? அறிவிருக்குதா ஒனக்கு?"

"கூப்பிட்டிருக்கலாமுல்லங்க நர்சம்மா!"

"கூப்புட்டேன் தம்பி. கத்துனேன். தொண்ட கட்டற வரைக்கும் கத்துனேன்." சுற்றிலும் தொங்கியவற்றைப் பார்த்தார். "மெத்த நல்லா வேல செய்யுது."

நான் அழுதுவிட்டேன். ஹெல்மெட் கண்ணாடி மூடியிருந்ததால் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவர் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். என் முழங்காலுக்கு டிடி ஊசி என்றார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் இளம் நர்ஸைக் கூப்பிட்டார். "இவன் பயந்தாங்கொள்ளி. பேச்சுக் குடுத்துக்கிட்டே போடும்மா." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் மகன் காரோடு வந்துவிட்டான். பெட்டி கட்டச் சொன்னான். அவர் பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது, சத்தம் வேண்டாமென்று வந்த அதே கூட்டம் வாசலுக்கு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் முன்னால் நின்றார். கையில் ஒரு புது எண்ணெய் டின்.

"தம்பி, அம்மாவ வுட்டுட்டுப் போங்க. அந்த மெத்தையெல்லாம் நாங்க அவுத்துடறோம். அஞ்சு மணிக்கு டின்னு சத்தம் கேக்கணும். கேக்கலேன்னா யாராச்சும் ஒருத்தர் உள்ள போயிப் பாப்போம்."

"கொழந்த அழுமே?" என்றார் ஊசிக்காரம்மா.

"அழுவட்டுங்க" என்றாள் குழந்தையின் தாய். "சாவி ஒண்ணு எங்க வூட்ல குடுத்துடுங்க, போதும்."

மகன் மாடி வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு, காரில் பெட்டி இல்லாமல் திரும்பிப் போனான். கால் தேறி அவர் மறுபடி தாழ்வாரத்தில் உட்கார்ந்த அன்று, முதல் 'டங்' கேட்டதும் தெருவில் யாரோ கைதட்டினார்கள். அந்த மகராசி இன்னும் ரொம்ப நாள் சுட வேண்டும்.

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "எழுதிக்கோ. குறி தப்புச்சின்னு மட்டும் எழுதிடாத" என்றார். தப்பியதே இல்லை. பலூன் கடையின் அந்த முதல் குண்டு, துப்பாக்கியின் தப்பு.

இப்போதும் ஐந்து மணிக்கு வாளி நிறைய வெந்நீரோடு அந்த மதிலோரம் உட்கார்ந்திருக்கிறேன். சுவர் 'டங்' என்று அதிர்கிறது. அன்று போலவே தூக்கிவாரிப் போடுகிறது. அப்புறம்தான் முதல் செம்புத் தண்ணீரை மொள்ளுகிறேன்.